நியூட்ரான் கணக்கில் நாட்டின் எதிர்காலத்தைத் திட்டமிட்ட ஹோமி பாபா

புனே, ஜன. 24:

இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபாவின் நினைவு தினம் இன்று (ஜனவரி 24) அனுசரிக்கப்படுகிறது. 1966-ஆம் ஆண்டு இதே நாளில், மும்பையிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தருகே மோதி நொறுங்கியதில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 56.

புனே மாநகரின் தென்பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கும் கோந்த்வாவில் அந்தி சாய்ந்ததும் ஒளிரும் விளக்குகளுக்கான மின்சாரம், மேற்கு மண்டல மின்தொகுப்பின் வழியாக வந்து சேர்கிறது. அனல், புனல், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றிலிருந்து பெறப்படும் மின்சாரத்துடன், மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் உள்ள தாராப்பூர் அணுமின் நிலையத்தின் மின்சாரமும் அத்தொகுப்பில் கலந்தே இருக்கிறது. எந்த விளக்கு எந்த நிலையத்தின் மின்சாரத்தால் எரிகிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால், அந்தக் கலவையில் அணுவின் பங்கும் இருக்க வேண்டும் என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்தவர் பாபா. அவரது முடிவுகளுக்கு அடிப்படையாக இருந்தது, கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளின் இயல்பு. அத்துகளின் பெயர் நியூட்ரான்.

இளமையும் கல்வியும்

1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி பம்பாயில் வசதியான பார்சி குடும்பத்தில் ஹோமி பாபா பிறந்தார். தந்தை ஜஹாங்கீர் ஹொர்முஸ்ஜி பாபா வழக்கறிஞர், தாயார் மெஹர்பாய். ஹோமியின் அத்தை, தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன் சர் தோராப்ஜி டாடாவுக்கு வாழ்க்கைப்பட்டவர். இதனால் நூல்கள், ஓவியங்கள், மேற்கத்திய இசைத்தட்டுகள் நிறைந்த வீட்டில் வளர்ந்த சிறுவனுக்கு, நாட்டின் தொழில் வளர்ச்சி குறித்த உரையாடல்களும் இளமையிலேயே காதில் விழுந்தன.

கதீட்ரல் பள்ளி, எல்பின்ஸ்டன் கல்லூரி, ராயல் அறிவியல் நிறுவனம் ஆகியவற்றில் பயின்ற பாபா, 1927-இல் இயந்திரப் பொறியியல் படிப்பதற்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். படிப்பை முடித்துத் திரும்பி, ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பொறுப்பேற்க வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். ஆனால் மகனின் மனம் இயற்பியலில் லயித்துவிட்டது. பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால் கணிதமும் படிக்கலாம் என்று தந்தை நிபந்தனை விதித்தார். 1930-இல் பொறியியலிலும், 1932-இல் கணிதத்திலும் முதல் வகுப்பில் தேறி அந்த நிபந்தனையை மகன் நிறைவேற்றினார்.

குடும்பத்தின் வற்புறுத்தலால் பெற்ற பொறியியல் கல்வி வீண்போகவில்லை. கோட்பாட்டு இயற்பியலாளர் ஒருவர் பிற்காலத்தில் அணு உலைகளையும் ஆலைகளையும் கட்டி எழுப்ப நேர்ந்தபோது, இளமையில் கற்ற இயந்திரவியல் அவருக்குக் கைகொடுத்தது.

நியூட்ரான் பிறந்த ஆண்டு

பாபா கணிதத் தேர்வு எழுதிய அதே 1932-ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜின் கேவெண்டிஷ் ஆய்வகத்தில் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். புரோட்டானுக்கு ஏறத்தாழ இணையான நிறையும், மின்னூட்டமே இல்லாத தன்மையும் கொண்டது இத்துகள். மின்னூட்டம் இல்லாததால், அணுக்கருவின் நேர்மின்னூட்டம் அதை விலக்கித் தள்ளுவதில்லை. காவலரைத் தாண்டிக் கோட்டைக்குள் நுழைய அனுமதி பெற்றவரைப் போல, அது அணுக்கருவினுள் தடையின்றிப் புகுகிறது.

ஆய்வு உதவித்தொகை பெற்ற பாபா, சூரிச் நகரில் வுல்ஃப்காங் பௌலியிடமும், ரோம் நகரில் என்ரிகோ ஃபெர்மியிடமும் சிறிது காலம் பணியாற்றினார். 1934-ஆம் ஆண்டு அக்டோபரில் ஃபெர்மியின் குழு ரோமில் ஒரு வியப்பான உண்மையைக் கண்டறிந்தது. பாரஃபின் மெழுகு, நீர் போன்ற ஹைட்ரஜன் மிகுந்த பொருள்களின் ஊடே செலுத்தி வேகத்தைக் குறைத்தால், நியூட்ரான்கள் அணுக்கருக்களில் முன்பைவிடப் பன்மடங்கு எளிதாகப் பிடிபடுகின்றன என்பதே அது. வேகமாகச் செல்வதே வலிமையானது என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, மெதுவாகச் செல்லும் நியூட்ரானே அணுக்கருவிடம் அதிகம் சாதித்தது. அணு உலை அறிவியல் முழுவதும் இந்த அடித்தளத்தின் மீதுதான் எழுந்தது.

பாபாவின் சொந்த ஆய்வு வேறு திசையில் சென்றது. எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று சிதறடிப்பதைக் கணக்கிட்டு 1935-36-இல் அவர் அளித்த கோட்பாடு, இன்றும் உலகெங்கும் பாபா சிதறல் என்றே அழைக்கப்படுகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி, துகள் மழையாகப் பெருகுவதை வால்டர் ஹைட்லருடன் இணைந்து 1937-இல் அவர் விளக்கினார். ஒரு துகள் பலவாகி, அப்பலவும் மேலும் பலவாகப் பெருகும் நிகழ்வைக் கணக்கிடுவதில் அவருக்கு இருந்த தேர்ச்சி, நியூட்ரான் பெருக்கத்தை அடிப்படையாகக் கொண்ட அணு உலைத் துறைக்கு அவர் வந்தபோது அந்நியமாக இருந்திருக்காது.

திரும்பிச் செல்லாத விடுமுறை

1939-இல் விடுமுறைக்காகத் தாயகம் வந்த பாபாவை, இரண்டாம் உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில், நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமனின் இயற்பியல் துறையில் அவர் சேர்ந்தார். அங்கு காஸ்மிக் கதிர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். 1941-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானபோது அவருக்கு வயது 31. அறிவியலுடன் ஓவியத்திலும் இசையிலும் தேர்ந்திருந்த அவரை, லியனார்டோ டா வின்சியுடன் ஒப்பிட்டுப் பாராட்டினார் ராமன்.

தற்காலிகமாகத் தங்கிய நாடு, மெல்ல மெல்ல நிரந்தரப் பணிக்களமாக மாறியது. 1944 மார்ச் மாதம் சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்குப் பாபா ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை இயற்பியலுக்கென உயர்தர ஆய்வு நிறுவனம் ஒன்று தேவை என்றும், இன்னும் இருபது ஆண்டுகளில் அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலை வரும்போது, வல்லுநர்களைத் தேடி இந்தியா வெளிநாடுகளுக்குச் செல்லத் தேவையிருக்காது என்றும் அதில் அவர் வாதிட்டார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுவதற்கு ஓராண்டுக்கும் முன்பு எழுதப்பட்ட கடிதம் அது என்பது கவனிக்கத்தக்கது.

இக்கோரிக்கையின் விளைவாக 1945-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் பம்பாய் பெடர் சாலையில், பாபா பிறந்த வீடான கெனில்வொர்த் மாளிகைக்கு அது இடம் மாறியது.

அணுசக்தி ஆணையம்

விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948 ஆகஸ்டில், இந்திய அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவராகப் பாபாவும், உறுப்பினர்களாக சாந்தி ஸ்வரூப் பட்நாகரும், கே.எஸ். கிருஷ்ணனும் நியமிக்கப்பட்டனர். இவர்களுள் கிருஷ்ணன், இன்றைய விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த தமிழர். ராமன் விளைவின் கண்டுபிடிப்பில் பங்காற்றியவர்.

1954 ஜனவரியில் பம்பாயின் புறநகரான டிராம்பேயில் அணுசக்தி ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அணுசக்தித் துறை தனித்துறையாக உருவாகி, பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் நேரடிப் பொறுப்பில் வைக்கப்பட்டது. அதன் செயலாளராகவும் பாபாவே பொறுப்பேற்றார். ஆய்வகத்துக்கும் ஆட்சிக்கும் இடையே கோப்புகள் தேங்கும் வழக்கம் இத்துறையில் பெரிதும் தவிர்க்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டை அனைவரும் ஏற்கவில்லை. வானியற்பியலாளரும் மக்களவை உறுப்பினருமான மேகநாத் சாகா கடுமையாக விமர்சித்தார். முதலில் பல்கலைக்கழகங்களில் அணு இயற்பியலாளர்களை உருவாக்கி, தொழில் அடித்தளத்தையும் வலுப்படுத்த வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. ஒரே துறையில் அதிகாரமும் நிதியும் குவிவதும், அணுசக்திச் சட்டம் விதித்த இரகசியக் காப்பும் பொது விவாதத்துக்கு இடமளிக்கவில்லை என்ற குறை, அன்று எழுந்து இன்றுவரை நீடிக்கிறது.

அப்சராவின் நீல ஒளி

டிராம்பேயில் முதல் அணு உலையைக் கட்டும் பணி 1955-இல் வேகமெடுத்தது. வெளிநாட்டிலிருந்து முழு உலையையும் வாங்கி நிறுவுவதைவிட, எளிய வகை உலை ஒன்றை நமது பொறியாளர்களே வடிவமைத்துக் கட்டிக் கற்றுக்கொள்வதே மேல் என்று பாபா முடிவு செய்தார். செறிவூட்டப்பட்ட யுரேனிய எரிபொருள் மட்டும் பிரிட்டனிலிருந்து வந்தது. மற்ற அனைத்தும் இங்கேயே உருவாயின.

1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிற்பகலில் அந்த உலை மாறுநிலையை எட்டியது. சோவியத் ஒன்றியத்தைத் தவிர்த்துப் பார்த்தால், ஆசியாவின் முதல் அணு உலை அதுவே. நீச்சல் குளத்தைப் போன்ற ஆழமான தொட்டியில், நீருக்கடியில் எரிபொருள் தகடுகள் வைக்கப்பட்டிருந்தன. இயங்கும்போது நீரினுள் தோன்றிய நீல ஒளியழகைக் கண்ட நேரு, அதற்கு அப்சரா எனப் பெயர் சூட்டினார். 1957 ஜனவரி 20-ஆம் தேதி அவர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

மாறுநிலை என்றால் என்ன? யுரேனியம்-235 அணுக்கரு, நியூட்ரான் ஒன்றை ஏற்றுப் பிளவுபடும்போது வெப்பத்துடன் சராசரியாக 2.4 நியூட்ரான்களையும் வெளியிடுகிறது. அவற்றுள் சில தொட்டியைவிட்டுத் தப்பிச் செல்லும். சில பிற பொருள்களால் உறிஞ்சப்படும். எஞ்சுபவற்றுள் சரியாக ஒன்று மட்டும் அடுத்த பிளவை உண்டாக்கினால், தொடர்வினை கூடாமலும் குறையாமலும் சீராக நடக்கும். அதுவே மாறுநிலை. ஒன்றுக்குக் குறைந்தால் வினை அணைந்துவிடும். ஒன்றைத் தாண்டினால் வளரும். வரவையும் செலவையும் ஈடுகட்டும் குடும்பக் கணக்கைப் போன்றதே உலையின் நியூட்ரான் கணக்கும்.

பிளவில் பிறக்கும் நியூட்ரான் விநாடிக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. யுரேனியம்-235 அதை எளிதில் ஏற்க வேண்டுமானால், வேகம் விநாடிக்குச் சுமார் 2.2 கிலோமீட்டராகக் குறைய வேண்டும். ஒரே எடையுள்ள இரண்டு கோலிக்குண்டுகள் மோதினால், ஓடிவந்த குண்டு தன் வேகத்தில் பெரும்பகுதியை மற்றதற்குக் கொடுத்துவிடும். அதேபோல், தன் நிறைக்கு இணையான ஹைட்ரஜன் அணுக்கருக்களுடன் ஏறத்தாழ 18 முறை மோதினாலே நியூட்ரான் போதுமான அளவு தணிந்துவிடுகிறது. அப்சராவில் இருந்த நீர் இந்தத் தணிப்பான் பணியையும், எரிபொருளைக் குளிர்விக்கும் பணியையும், கதிர்வீச்சைத் தடுக்கும் பணியையும் ஒருசேரச் செய்தது.

நொடிக்கு நொடி கட்டுப்பாடு

அணு உலையை மனிதர்களால் கட்டுப்படுத்த முடிவதற்கு, இயற்கை தந்த ஒரு சலுகையே காரணம். பிளவில் தோன்றும் நியூட்ரான்களில் பெரும்பாலானவை அக்கணமே வெளிவந்துவிடுகின்றன. அவை மட்டுமே இருந்தால், தொடர்வினை ஒரு விநாடிக்குள் பன்மடங்கு பெருகி, எந்தக் கருவியாலும் பின்தொடர முடியாத வேகத்தை எட்டிவிடும். ஆனால், யுரேனியம்-235 பிளவில் ஆயிரத்துக்கு ஆறு அல்லது ஏழு நியூட்ரான்கள், பிளவுத் துண்டுகளிலிருந்து சில விநாடிகள் முதல் ஒரு நிமிடத்துக்கும் மேல் தாமதித்து வருகின்றன. எண்ணிக்கையில் அற்பமான இந்தத் தாமதமான நியூட்ரான்களையும் சேர்த்தே மாறுநிலை அடையும்படி உலையை இயக்கினால், ஆற்றல் நிதானமாகவே ஏறி இறங்கும். காட்மியம், போரான் போன்ற நியூட்ரான் உறிஞ்சிகளால் ஆன கட்டுப்படுத்தும் தண்டுகளை ஏற்றி இறக்க அவகாசம் கிடைக்கும்.

தொடர்வினையை நிறுத்துவது வேறு, வெப்பத்தை நிறுத்துவது வேறு என்பதையும் உலைக் கோட்பாடு கற்பிக்கிறது. தண்டுகள் உள்ளே இறங்கியதும் பிளவு நின்றுவிடும். ஆயினும், பிளவுத் துண்டுகளின் கதிரியக்கச் சிதைவால், நிறுத்திய கணத்தில் முழு ஆற்றலில் ஆறு முதல் ஏழு சதவீத வெப்பம் தொடர்ந்து வெளிப்படுகிறது. அது படிப்படியாகவே தணியும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் ஏற்பட்டதும், இயங்கிக் கொண்டிருந்த உலைகள் முறைப்படி நின்றன. சுனாமியால் மின்சாரம் அற்று, இந்த எஞ்சிய வெப்பத்தை அகற்ற முடியாமல் போனதே பேரிடராக முடிந்தது. அதே ஆண்டு கூடங்குளத்தையொட்டிய இடிந்தகரைக் கடற்கரை மக்கள் எழுப்பிய கேள்விகளின் மையத்திலும் இந்த அச்சமே இருந்தது. அணு உலை அறிவியல், ஆய்வகத்தோடு நிற்காமல் கடலோரக் குடிசை வரை வந்து சேரும் இடம் இது.

கன நீரும் சைரஸும்

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில், பிளவுபடக்கூடிய யுரேனியம்-235-இன் அளவு 0.7 சதவீதம் மட்டுமே. சாதாரண நீர் நியூட்ரான்களைத் தணிக்கும்போதே அவற்றில் சிலவற்றை விழுங்கியும் விடுவதால், இயற்கை யுரேனியத்தையும் சாதாரண நீரையும் கொண்டு மாறுநிலையை எட்ட முடியாது. ஒன்று, யுரேனியத்தைச் செறிவூட்ட வேண்டும். அல்லது, நியூட்ரான்களை மிகக் குறைவாகவே உறிஞ்சும் கன நீரைப் பயன்படுத்த வேண்டும். செறிவூட்டும் தொழில்நுட்பம் அன்று வல்லரசுகளின் கையில் இருந்தது. எனவே, பாபா கன நீர்ப் பாதையைத் தேர்ந்தெடுத்தார். நியூட்ரான் உறிஞ்சல் பற்றிய ஓர் இயற்பியல் உண்மை, ஒரு நாட்டின் தொழிற்கொள்கையை இவ்வாறு தீர்மானித்தது.

கனடாவின் உதவியுடன், அமெரிக்கா வழங்கிய கன நீரைக் கொண்டு டிராம்பேயில் கட்டப்பட்ட 40 மெகாவாட் சைரஸ் உலை, 1960 ஜூலை 10-ஆம் தேதி மாறுநிலையை அடைந்தது. எரிபொருள் தண்டுகளை எந்த இடைவெளியில், எந்த வரிசையில் அடுக்கினால் நியூட்ரான் இழப்பு குறையும் என்று ஆராய்வதற்கென, ஸெர்லினா என்னும் சிறிய உலை 1961 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. பஞ்சாபின் நங்கலில் 1962-இல் கன நீர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.

இந்த உலைகள் மின்சாரத்துக்கானவை அல்ல; நியூட்ரான்களை வழங்கும் ஊற்றுகள். அவற்றில் உருவாக்கப்பட்ட கதிரியக்க ஐசோடோப்புகள் மருத்துவமனைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றன. படிகங்களின் மீது நியூட்ரான்களைச் செலுத்தி, அவை சிதறும் கோணத்தையும் ஆற்றலையும் அளந்து, அணுக்களின் அமைப்பையும் அதிர்வையும் இயற்பியலாளர்கள் ஆராய்ந்தனர். பின்னாளில் அணுசக்தி ஆணையத்தின் தலைவரான பி.கே. அய்யங்கார், இளம் வயதில் கனடா சென்று இத்துறையில் பயிற்சி பெற்றுத் திரும்பி, டிராம்பேயில் நியூட்ரான் சிதறல் ஆய்வை வளர்த்தார். இத்தகைய இளைஞர்களை ஆண்டுதோறும் உருவாக்குவதற்காகவே 1957-இல் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. சாகா எழுப்பிய கேள்விக்குப் பாபா அளித்த விடையாகவும் இப்பள்ளியைக் கருதலாம்.

மணவாளக்குறிச்சி மணலில் ஒரு கனவு

இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கடற்கரையிலும் கிடைக்கும் மோனசைட் மணலில் தோரியம் அடங்கியிருக்கிறது. ஆனால், தோரியம் தானாகப் பிளவுபட்டுத் தொடர்வினையை நடத்தாது. அது ஒரு நியூட்ரானை விழுங்கி, புரோட்டாக்டினியமாகி, சில வாரங்களில் யுரேனியம்-233 ஆக மாறுகிறது. அந்த யுரேனியம்-233 சிறந்த எரிபொருள். ஆகவே, தோரியத்தை எரிக்க வேண்டுமானால், உபரியாக நியூட்ரான்களைச் சேமிக்க வேண்டும்.

அந்த உபரியை எங்கிருந்து பெறுவது என்பதற்கான விடைதான், 1954-இல் பாபா முன்வைத்த மூன்று கட்டத் திட்டம். முதல் கட்டத்தில், இயற்கை யுரேனியத்தைக் கொண்டு மின்சாரமும் புளுட்டோனியமும் பெறப்படும். இரண்டாம் கட்டத்தில், அந்தப் புளுட்டோனியம் அதிவேக ஈனுலைகளில் எரிக்கப்படும். வேகமான நியூட்ரானால் பிளவுபடும் புளுட்டோனியம் சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவான நியூட்ரான்களைத் தருவதால், வினையைத் தொடர ஒன்று போக, எரிந்ததைவிட அதிகமான புதிய எரிபொருளை ஈனவும் மிச்சம் இருக்கும். மூன்றாம் கட்டத்தில், தோரியமும் யுரேனியம்-233-உம் நாட்டுக்கு நெடுங்கால மின்சாரத்தை வழங்கும். விதைநெல்லை உண்ணாமல் அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கும் உழவரின் சிந்தனைதான் இது. நெல்லின் இடத்தில் நியூட்ரான் இருந்தது.

1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடைபெற்ற, அணுசக்தியின் அமைதிப் பயன்பாட்டுக்கான முதல் ஐ.நா. மாநாட்டுக்குப் பாபா தலைமை வகித்தார். அணுக்கரு இணைவிலிருந்து ஆற்றல் பெறும் வழி இருபது ஆண்டுகளில் கண்டறியப்படும் என்று அங்கு அவர் கணித்தார். அக்கணிப்பு இன்றுவரை மின்நிலையமாக மாறவில்லை. அணுமின் உற்பத்தி குறித்து அவர் வகுத்த பெரும் இலக்குகளும் உரிய காலத்தில் எட்டப்படவில்லை. நாட்டின் மொத்த மின்னுற்பத்தியில் அணுசக்தியின் பங்கு இன்றும் ஏறத்தாழ 3 சதவீதமே.

ஒரே நியூட்ரான், இரண்டு பாதைகள்

சைரஸ் உலையில் உருவான புளுட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை, 1960-களின் நடுவில் டிராம்பேயில் செயல்படத் தொடங்கியது. ஈனுலைகளுக்கான எரிபொருள் என்பது அதன் நோக்கம். ஆனால், அதே புளுட்டோனியம் ஆயுதமாகவும் மாறக்கூடியது. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டுச் சோதனை நடத்தியபின், இந்தியாவும் அவ்வழியில் செல்ல வேண்டுமா என்ற விவாதம் எழுந்தபோது, விரும்பினால் இந்தியாவால் முடியும் என்ற நிலையைப் பாபா வெளிப்படையாகவே தெரிவித்தார். 1974 மே மாதம் பொக்ரானில் நடத்தப்பட்ட முதல் சோதனைக்குச் சைரஸின் புளுட்டோனியமே பயன்பட்டது. அமைதிப் பயன்பாட்டுக்கென உதவிய கனடா, அணுசக்தி ஒத்துழைப்பை முறித்துக்கொண்டது. பல ஆண்டுகள் நீடித்த தனிமைப்படுத்தலால் மின் உற்பத்தித் திட்டங்கள் தாமதமாயின. மறுபுறம், உள்நாட்டிலேயே அனைத்தையும் செய்ய வேண்டிய கட்டாயமும் பிறந்தது. பாபாவின் மரபை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் ஒருசேரக் கணக்கில் கொள்கின்றனர்.

கலையும் வானமும்

திருமணம் செய்துகொள்ளாத பாபா, ஓவியம் தீட்டுவதிலும் இசை கேட்பதிலும் மரங்களைப் பேணுவதிலும் மிகுந்த ஈடுபாடு காட்டினார். கொலாபாவில் கடலை நோக்கி எழுந்து, 1962 ஜனவரியில் நேருவால் திறந்துவைக்கப்பட்ட டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுவர்களை, எம்.எஃப். உசேன் உள்ளிட்ட இந்திய ஓவியர்களின் படைப்புகள் அலங்கரிக்கின்றன. வாழ்ந்துகொண்டிருந்த கலைஞர்களிடமிருந்து ஓர் அறிவியல் நிறுவனம் ஓவியங்களை வாங்கியது அக்காலத்தில் அரிய செயல்.

வெளிநாடுகளில் இருந்த திறமையாளர்களை அழைத்து, அவர்களைச் சுற்றி ஆய்வுத் துறைகளை உருவாக்குவது அவரது வழக்கம். அவ்வாறு அழைக்கப்பட்ட கோவிந்த் ஸ்வரூப், உதகமண்டலத்தில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை 1970-இல் நிறுவினார். பின்னர் அவரது முயற்சியால், புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் அருகே, தலா 45 மீட்டர் விட்டம் கொண்ட 30 அலைவாங்கிகளுடன் மாபெரும் ரேடியோ தொலைநோக்கித் தொகுதி உருவானது. டாடா நிறுவனத்தின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் புனேயில் இன்று இயங்குகிறது. அணுவைத் தேடிய ஒருவர் இட்ட விதை, இந்நகரில் விண்மீன்களைத் தேடும் மரமாக வளர்ந்திருக்கிறது.

இறுதிப் பயணம்

1966 ஜனவரி 11-ஆம் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். பதின்மூன்று நாள்கள் கழித்து, இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்ற அதே நாளில், வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்தில் பங்கேற்கச் சென்ற பாபா பயணித்த கஞ்சன்ஜங்கா என்ற போயிங் விமானம், ஜெனீவாவில் தரையிறங்க இருந்த வேளையில் மோன் பிளாங்கில் மோதியது. விமானத்தில் இருந்த 117 பேரும் உயிரிழந்தனர். சிகரத்தைக் கடந்துவிட்டதாகத் தவறாகக் கருதி விமானம் தாழ இறங்கியதே காரணம் என அதிகாரப்பூர்வ விசாரணை முடிவு செய்தது. சதி குறித்த ஊகங்கள் பல இன்றும் உலவினாலும், அவற்றுக்கு உறுதியான சான்று வெளிவரவில்லை.

பாபாவுக்குப் பின் விக்ரம் சாராபாய் அணுசக்தி ஆணையத்தின் தலைமையை ஏற்றார். டிராம்பே மையத்துக்கு 1967 ஜனவரி 12-ஆம் தேதி பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் சூட்டப்பட்டது. அவர் ஏற்பாடு செய்த தாராப்பூர் நிலையம் 1969-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியபோது, அதைக் காண அவர் இல்லை.

கல்பாக்கத்தில் தொடரும் கணக்கு

பாபா வகுத்த மூன்று கட்டங்களையும் ஒருசேரக் காணக்கூடிய ஊர், செங்கல்பட்டு மாவட்டத்தின் கல்பாக்கம். முற்றிலும் இந்தியர்களால் கட்டப்பட்ட சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983-இல் அங்கு மாறுநிலையை எட்டியது. அதிவேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. தோரியத்திலிருந்து பெறப்பட்ட யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்ட காமினி என்ற சிறிய உலை 1996-இல் மாறுநிலையை அடைந்தது. 30 கிலோவாட் திறனே கொண்ட அவ்வுலை, எக்ஸ் கதிர்களால் காண இயலாத உட்பகுதிகளையும் நியூட்ரான்களால் படமெடுத்து, எரிபொருள் தண்டுகளையும் விண்வெளித் திட்டத்தின் வெடிமருந்துச் சாதனங்களையும் பரிசோதிக்கப் பயன்படுகிறது. 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில் உலை மையத்தை நிரப்பும் பணி, பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் 2024 மார்ச்சில் தொடங்கியது.

பழைய அப்சரா 2009-இல் ஓய்வுபெற்றது. அதே இடத்தில் மேம்படுத்தப்பட்ட 2 மெகாவாட் அப்சரா உலை 2018 செப்டம்பரில் இயங்கத் தொடங்கி, மருத்துவ ஐசோடோப்புகளின் உற்பத்திக்கு உதவி வருகிறது.

மணவாளக்குறிச்சி மணலில் உள்ள தோரியம் பெருமளவில் மின்சாரமாகும் நாள் இன்னும் வரவில்லை. அதற்குத் தேவையான உபரி நியூட்ரான்களை நாடு போதிய அளவு சேர்க்குமா, அதற்குள் சூரிய ஒளியும் காற்றும் அந்தத் தேவையையே மாற்றிவிடுமா என்பதற்குக் காலமே விடை கூற வேண்டும். எந்த விடை வந்தாலும், அதை ஆராய்ந்து முடிவு செய்யும் வல்லுநர்களை இந்தியா வெளிநாடுகளில் தேட வேண்டியதில்லை. 1944-இல் எழுதிய கடிதத்தில் பாபா கேட்டிருந்தது அதைத்தான்.